அழைப்பு உண்டு, ஆயத்தம் எங்கே?

ஒரு திருச்சபைக்கு ஆர்கன் வாசிப்பவர் தேவையென்றால் முதலில் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்யப் பட்டயக் கணக்கரைத் தேடுவார்கள். ஆலயத்துக்கு மின்கம்பி இழுக்க உரிமம் பெற்றவர் வரவேண்டும். பிரசங்கபீடத்தில் ஏறுவதற்குச் சில ஆண்டுகளாவது இறையியல் கல்லூரியில் பயின்றிருக்க வேண்டும். ஆனால் நாற்பது குழந்தைகளை ஓர் அறையில் அமர்த்தி, கடவுள் யார், பாவம் என்பது எது, இறந்தபின் என்ன நிகழும் என்று சொல்லித்தர ஒரே ஒரு தகுதி போதும்: ஞாயிறு ஆராதனையின் முடிவில் அறிவிப்பு வாசிக்கப்படும்போது கையை உயர்த்துவது.

கையை உயர்த்தியவர்மீது இங்கே பழி இல்லை. பெரும்பாலும் அவர் கல்லூரியில் பயிலும் இளம்பெண். அல்லது ஆறு நாளும் அலுவலகத்திலும் அடுப்படியிலும் உழைத்துவிட்டு ஏழாம் நாளையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாய். வண்ணத் தாளும் பசையும் பரிசுப் பென்சிலும் பலமுறை அவருடைய கைக்காசில் வாங்கப்பட்டவை. அவருடைய அன்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கேள்வி, அவரை வெறுங்கையோடு அந்த அறைக்குள் அனுப்பிவிட்டு அந்த வெறுங்கைக்கு விசுவாசம் என்று பெயர்சூட்டும் அமைப்பை நோக்கியது.

இந்தியத் திருச்சபைகளில் சிறுவர் ஊழியர்களுக்கும் குடும்ப ஊழியர்களுக்கும் முறையான தொழிற்பயிற்சி இல்லாமைக்கு வசதிக்குறைவு காரணமாகச் சொல்லப்படுகிறது. வசதிக்குறைவு என்பது ஒரு முன்னுரிமைப் பட்டியலுக்கு இடப்பட்ட மரியாதையான பெயர். அந்தப் பட்டியலின் கடைசி வரியில் குழந்தை நிற்கிறது. பயிற்சியை ஊழியருக்குக் கிடைக்கும் அலங்காரமாகவோ, கிடைத்தால் நல்லது என்ற கூடுதல் வசதியாகவோ கருதும் வரையில் இந்தப் பட்டியல் மாறாது. பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்கப்படுவது குழந்தையின் உரிமை.

1. ஊழியம் என்னும் சொல்

திருவிதாங்கூர் அரசின் வழக்கில் ‘ஊழியம்’ என்றால், ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் பணிபுரிந்த மிஷனரிகள் இந்த ஊழியத்துக்கு எதிராக மனுக்கொடுத்தார்கள். கிறித்தவரானவர்களை ஞாயிற்றுக்கிழமைகளிலாவது அதிலிருந்து விலக்க வேண்டுமென்று வாதாடி, விலக்கும் பெற்றார்கள். ஓய்வுநாள் என்ற கருத்து அந்த மக்களுக்கு முதலில் வாய்த்தது இறையியலாக அன்று, கூலியில்லா வேலையிலிருந்து கிடைத்த ஒருநாள் விடுதலையாக.

இன்று அதே சொல்லே ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறவரின் வேலைக்குப் பெயர். சொல்லின் பழம்பொருள் அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்காது என்பது மொழியியலின் அரிச்சுவடி. இறைவனுக்குச் செய்யும் பணிவான தொண்டு என்ற பொருளில் அச்சொல் மெய்யாகவே புதுப்பிறவி எடுத்திருக்கிறது. ஆயினும் சொல்லின் பயன்பாட்டுப் பரப்பைக் கவனிக்க வேண்டும். ஆயரின் பணியும் ஊழியம். அதற்குச் சம்பளம், குடியிருப்பு, ஓய்வூதியம், இடமாறுதல் விதிகள் எல்லாம் உண்டு. பேராய அலுவலகத்தின் பணியும் ஊழியம். அதற்கும் ஊதிய ஏணி உண்டு. சிறுவர் வகுப்புக்கு வரும்போது மட்டும் அச்சொல் பழைய திருவிதாங்கூர்ப் பொருளுக்குத் திரும்பிவிடுகிறது: கூலி கேட்காதே, பயிற்சி கேட்காதே, நேரம் பார்க்காதே. ஒரே சொல் ஆண்கள் மிகுந்த இடத்தில் பதவியையும் பெண்கள் மிகுந்த இடத்தில் தியாகத்தையும் குறிப்பது தற்செயலாக நேர்வதில்லை.

‘அழைப்பு’ என்ற சொல்லும் இவ்வாறே வேலை செய்கிறது. குருத்துவத்துக்கு அழைப்புப் பெற்றவரை இறையியல் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே அழைப்பு பயிற்சியின் தொடக்கம். சிறுவர் ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றவரை நேரே வகுப்பறைக்கு அனுப்புகிறார்கள். இங்கே அழைப்பு பயிற்சிக்கு மாற்று.

2. மரபு எது?

பயிற்சியும் ஊதியமும் வேண்டுமென்றவுடன், “காலங்காலமாக இப்படித்தானே நடக்கிறது” என்ற பதில் வரும். காலங்காலமாக இப்படி நடக்கவில்லை.

1542-இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக் கரையில் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, அடிப்படை மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கச்செய்து குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தது. குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துச்சென்றதே பெற்றோருக்கும் பாடமாயிற்று. அவர் அடுத்த ஊருக்குப் போகும்போது, அங்கே கணக்கப்பிள்ளை ஒருவரை அமர்த்தி, அவருடைய ஊதியத்துக்கும் வழிசெய்துவிட்டுப் போனார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மொழியொன்றின் எழுத்துருவில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல். அது ஒரு மறைக்கல்விச் சிறுநூல். மறுஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ அதே வகையைச் சேர்ந்தது. இந்திய அச்சுக்கலையின் பிறப்பே, புதிதாகக் கற்பவருக்கு அவர்தம் மொழியில் எப்படிச் சொல்வது என்ற தொழில்முறைக் கவலையிலிருந்து எழுந்தது.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் மிஷனும், பின்னர் வந்த ஆங்கிலேய, அமெரிக்க மிஷன்களும் உபதேசியார்களைச் சம்பளத்துக்கு அமர்த்தின. அவர்களைக் கூட்டிப் பாடம் நடத்தின. குறிப்பேடு எழுதச் செய்தன. வீடுவீடாகச் சென்று பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எழுத்தறிவித்த வேதாகமப் பெண்கள் அக்காலத்தின் குடும்ப ஊழியர்கள். அவர்களும் பயிற்சியும் படியும் பெற்ற பணியாளர்களே. ஏன், ஞாயிறுபள்ளி இயக்கத்தின் தந்தையென்று போற்றப்படும் இராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டரில் தொடங்கிய பள்ளிகளில், வேலைக்குப் போகும் ஏழைச் சிறார்க்கு எழுத்துக் கற்பித்த பெண்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. கூலியில்லாத் தன்னார்வலர் என்ற உருவம் அவ்வியக்கம் பரவிய பிறகு, செலவைக் குறைப்பதற்காக வந்து சேர்ந்தது.

1876-இல் தோன்றிய இந்திய ஞாயிறுபள்ளி ஒன்றியம், இந்திய மொழிகளில் பாடநூல் ஆக்குவதையும் ஆசிரியர்களைப் பயிற்றுவதையும் தன் வேலையாகக் கொண்டது. கத்தோலிக்கத் தரப்பில் தமிழரான து. ச. அமலோர்பவதாஸ் 1967-இல் பெங்களூருவில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நிறுவி, மறைக்கல்வியை இந்தியப் பண்பாட்டின் நிலத்தில் நட்டுப் பார்த்தார். 2021-இல் போப் பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான பொதுநிலைத் திருப்பணியாக நிறுவினார். ஆக, பயிற்சி பெற்ற பணியாளர் என்பது மரபின் மையச் சரடு. பயிற்சியற்ற தன்னார்வலர் என்பது அதில் அண்மையில் விழுந்த முடிச்சு. மரபின் பெயரால் இன்று காக்கப்படுவது அந்த முடிச்சு.

3. குழந்தையின் காதில் விழுவது என்ன?

பயிற்சியின்மை எதைச் சிதைக்கிறது என்பதை மொழியிலிருந்தே காட்டலாம். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் ஒலிப்பது, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் நிறைவெய்திய மொழிபெயர்ப்பின் தமிழ். அதன் அழகை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் பேச்சுத்தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளரும் ஆறு வயதுக் குழந்தைக்கு அது மூன்றாவது மொழி. இரட்சிப்பு, நீதிமானாக்கப்படுதல், பிராயச்சித்தம், கிருபை ஆகிய சொற்களைக் குழந்தை பிழையின்றி ஒப்பிக்கிறது. மனப்பாடப் போட்டியில் பரிசும் பெறுகிறது. ஒப்பித்தல் புரிதலின் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இரட்டை வழக்குள்ள மொழியில் கற்பிப்பவரின் முதல் திறன், உயர்வழக்கிலிருந்து வீட்டு வழக்குக்கும் அங்கிருந்து மீண்டும் உயர்வழக்குக்கும் குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் திறன். அது பிறவியில் வருவதில்லை, கற்றுக்கொடுத்தால் வரும்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் உள்ள தமிழ்ச் சபைகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. இரண்டாம் தலைமுறைக் குழந்தைகளில் பலர் தமிழைப் பேசுவர், வாசிக்கமாட்டார்; பாட்டு வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவர். ஆசிரியர்முன் இரண்டு வழிகள்: தமிழிலேயே நடத்திக் குழந்தைகளை இழப்பது, அல்லது ஆங்கிலத்துக்கு மாறிப் பாட்டி தாத்தாவோடு அக்குழந்தைகள் பகிர்ந்துகொள்ளக்கூடிய வழிபாட்டு மொழியை இழப்பது. இருமொழிக் கற்பித்தல் என்ற மூன்றாம் வழி உலகெங்கும் ஆராயப்பட்ட ஒரு துறை. அப்படியொன்று இருப்பதையே அவரிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டில் சந்தாலி பேசிவிட்டு இந்திப் பாடநூலின்முன் அமரும் ஜார்க்கண்டுக் குழந்தைக்கும், வீட்டில் குயி பேசிவிட்டு ஒடியாப் பாடநூலின்முன் அமரும் கந்தமால் குழந்தைக்கும் இதே கதைதான்.

இந்தியாவில் இது இயலாத காரியமென்றும் சொல்ல முடியாது. 1894-இல் வந்த லொரெயினும் சாவிட்ஜும் மிசோ மொழிக்கு எழுத்துமுறை அமைத்த மண்ணில், ஞாயிறுபள்ளி முதியோர்வரை எல்லா வயதினருக்குமான கல்வி நிறுவனமாக வளர்ந்தது. தம் மொழியில் பாடத்திட்டமும் ஆண்டுத் தேர்வும் கொண்டு அது இயங்குகிறது. தேர்வு மட்டுமே நல்ல கற்பித்தலாகிவிடாது. ஆனால் ஒரு திருச்சபை மனம் வைத்தால் அமைப்பு உருவாகும் என்பதற்கு மிசோரம் போதிய சான்று.

சொல்லைவிட ஆழமாக இறங்குவது படிமம். சிறுவர் ஊழியத்தில் பரவலாக வழங்கும் கருவிகளுள் ஒன்று ‘சொல்லில்லாப் புத்தகம்’. 1866-இல் இலண்டன் போதகர் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பக்கங்களோடு அதை அறிமுகப்படுத்தினார். பிறகு பொன்னிறமும் பச்சையும் சேர்ந்தன. கறுப்புப் பக்கம் பாவம் நிறைந்த இருதயம். வெள்ளைப் பக்கம் கழுவப்பட்ட இருதயம். இந்தியாவில், மணமகள் தேவை விளம்பரமும் முகப்பூச்சு விளம்பரமும் தோல் நிறத்தை விலைபேசும் சமூகத்தில், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களின் கருநிறக் குழந்தைகள் நிறைந்த அறையில், அந்தப் பக்கங்கள் வேறொரு பாடத்தை நடத்துகின்றன. ஊழியர் அதை எண்ணிச் செய்வதில்லை. அட்டையில் அச்சிட்டு வந்ததைக் காட்டுகிறார். எண்ணிப் பார்க்கக் கற்றுத்தருவதே பயிற்சியின் வேலை.

பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981-இல் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, தலித் இறையியலின் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. கருத்தரங்குகள் நடந்தன, ஆய்வேடுகள் குவிந்தன, ஆசிரியர்கள் பதவி உயர்வு பெற்றனர். அந்த இறையியல் எட்டு வயதுத் தலித் குழந்தையின் ஞாயிறு வகுப்பை இன்னும் சென்றடையவில்லை. அங்கே இன்னும் கறுப்புப் பக்கம் பாவமாகவே இருக்கிறது. ஓர் இறையியல் கீழிறங்கும் படிக்கட்டு சிறுவர் ஊழியர்தான். அந்தப் படிக்கட்டைக் கட்டாமல் மாடிமேல் மாடி கட்டிய பொறுப்பிலிருந்து கல்விப்புலம் நழுவ முடியாது.

4. சட்டம் அறையின் வாசலில் நிற்பதில்லை

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், சுருக்கமாகப் போக்சோ, 2012-இல் இயற்றப்பட்டது. சமய நிறுவனத்தின் நிர்வாகத்தில் அல்லது பணியில் இருப்பவர் அந்நிறுவனத்திலுள்ள குழந்தைக்கு எதிராகச் செய்யும் குற்றத்தை அது கடுமை மிகுந்த குற்றங்களின் வரிசையில் பெயர்சொல்லியே வைத்திருக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும், நடக்கக்கூடுமென்று அஞ்சும் எவரும், காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 19-ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறுவதற்குத் தண்டனை உண்டு என்கிறது 21-ஆம் பிரிவு; நிறுவனப் பொறுப்பாளர் தம்கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆயர், குருவானவர், கன்னியர், மூப்பர் என்று எவருக்கும் அந்தப் பிரிவு விலக்கு எழுதிவைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் நான்காம் நாள், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ‘அக்கா’ என்று அழைத்து, வீட்டிலோ விடுதியிலோ நடப்பதைப் பாதிச் சொல்லில் சொல்கிறாள் என்று கொள்வோம். பயிற்சியற்ற ஊழியர் நல்ல மனத்தோடு செய்யக்கூடியவை எவை? திரும்பத் திரும்பக் கேட்பார்; அது குழந்தையை வதைப்பதோடு பின்னாளில் சாட்சியத்தையும் பலவீனப்படுத்தும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிப்பார். அந்த வாக்கைக் காப்பாற்றச் சட்டம் அவரை அனுமதிக்காது. ஆயரிடம் மட்டும் சொல்லிவிட்டு ஜெபிப்பார். அதனால் அவருடைய கடமை தீராது. சபையின் பெயர் கெடாமலிருக்க இரு குடும்பத்தாரையும் அழைத்துப் பேசி முடிப்பார்கள், அது குற்றம். குழந்தை துணிந்து திறந்த ஒரே கதவு அன்போடு மூடப்படுகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அந்த அறையின் சுவரில் ஒட்டிவைக்கக்கூட யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

ஆஸ்திரேலியாவின் அரச ஆணையம் 2017-இலும், இங்கிலாந்தின் பொது விசாரணை ஆங்கிலிக்கன் திருச்சபை குறித்து 2020-இலும் தந்த அறிக்கைகள், நற்பெயரைக் காக்கும் ஆசை குழந்தையைக் காக்கும் கடமையை எவ்வாறு விழுங்கியது என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டின. இந்தியாவில் திருச்சபைகள் குறித்து அத்தகைய நாடுதழுவிய பொது விசாரணை நடந்ததில்லை. விசாரணை நடக்காததைக் குற்றம் நடக்காததற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது பேதைமை. பாதுகாப்புக் கொள்கை ஆவணம் வைத்திருக்கும் பேராயங்களும் மறைமாவட்டங்களும் உண்டு. ஆவணம் அலமாரியில் இருப்பதும், வகுப்பறையில் நிற்பவர் அதைத் தம் மொழியில் படித்து, வழக்குச்சூழல்களில் பழகிப் பார்த்திருப்பதும் வேறு வேறு.

இன்னொரு சட்ட எல்லையும் உண்டு. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிற சமயக் குழந்தைகளும் அக்கம்பக்கத்து நட்பால் வருகிறார்கள். அரசு ஏற்பு அல்லது உதவி பெற்ற கல்வி நிறுவனத்தில் பயிலும் சிறாரை, பாதுகாவலரின் இசைவின்றிச் சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யக்கூடாது என்கிறது அரசமைப்பின் 28(3). பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்களும் நடப்பில் உள்ளன. அச்சட்டங்கள் சிறுபான்மையினர்மீது ஏவப்படும் விதம் கண்டனத்துக்குரியது. ஆனால் பெற்றோரின் இசைவைக் கேட்பது சட்டத்துக்கு அஞ்சிச் செய்யவேண்டிய காரியமாக மட்டும் இருக்கக்கூடாது. தன் குழந்தையை நம்பி அனுப்பிய அண்டைவீட்டாருக்குக் காட்டும் மரியாதை அது. இந்த வேறுபாட்டை அறியாத இளம் ஊழியரைக் களத்தில் விட்டுவிட்டு, வழக்கு வந்தபிறகு அவருக்காக உபவாச ஜெபம் அறிவிப்பது பொறுப்பாகாது.

5. குடும்பம் என்னும் மூடிய கதவு

சிறுவர் ஊழியராவது வகுப்பறையில் நிற்கிறார். குடும்ப ஊழியர் நுழைவது வீட்டுக்குள். அங்கே குடி இருக்கிறது, கடன் இருக்கிறது, அடி இருக்கிறது, பிரிந்துபோக நினைக்கும் மனைவி இருக்கிறாள். பயிற்சியற்றவரின் கையிருப்பு ஒரே அறிவுரை: பொறுத்துக்கொள், ஜெபி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்ததும், அதன்கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் இருப்பதும், அடிபடும் மனைவிக்கு அதே வீட்டில் வசிக்கும் உரிமை உண்டென்பதும் அவருக்குத் தெரியாது. 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தில் கிறித்தவப் பெண்ணுக்கு எதிராக இருந்த ஓரவஞ்சனை 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டதும் தெரியாது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் கேரளத்துச் சிரியன் கிறித்தவ மகளுக்குத் தந்தையின் சொத்தில் சமபங்கு கிடைத்த வரலாறும் தெரியாது. மணவாழ்வின் புனிதத்தைப் பற்றி அவர் ஒரு மணிநேரம் பேசுவார். அந்த மணவாழ்வுக்குள் இருப்பவளின் உயிரைப் பற்றிப் பேச அவருக்குச் சொற்கள் தரப்படவில்லை.

பதினைந்து வயது மகன் ஒருநாள் கேட்பான்: “சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர், ஏன்?” 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை தலித் கிறித்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருப்பதால் பல குடும்பங்கள் சுமந்துகொண்டிருக்கும் இரட்டை வாழ்க்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்குப் பொய் சொல்லாதே என்ற ஒழுக்கப்பாடத்தைப் பதிலாகக் கொடுப்பவர் ஒரு குடும்பத்தின் காயத்தைக் குத்திக் கிளறிவிட்டு எழுந்து போகிறார்.

6. சில மறுப்புகள்

“தூய ஆவியார் கற்றுத்தருவார், படிப்பு எதற்கு?” என்பது முதல் மறுப்பு. இதைச் சொல்லும் அமைப்புகளே ஆயர்களுக்கு இறையியல் பட்டத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. மூப்பர்களோடு பேசத் தூய ஆவியாருக்குப் பட்டதாரி தேவைப்படுகிறார், குழந்தைகளோடு பேச மட்டும் தேவைப்படவில்லை என்பது விநோதமான இறையியல்.

“பணம் இல்லை” என்பது இரண்டாவது. பரம ஏழைச் சபைகள் உண்டு. அவற்றுக்காகத்தான் பேராயம் என்ற பொது அமைப்பு இருக்கிறது. கோபுரத்துக்கும் குளிரூட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் நற்செய்திப் பெருவிழாவின் மேடைக்கும் பணம் திரட்டத் தெரிந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருவரின் பயிற்சிச் செலவைத் திரட்டத் தெரியாது என்பதை வரவுசெலவு அறிக்கையை வாசிக்கத் தெரிந்த எவரும் நம்பமாட்டார்.

“தொழிலாக்கினால் அன்பு போய்விடும்” என்பது மூன்றாவது. மகப்பேற்று மருத்துவரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ அவர் பயிற்சி பெற்றவர் என்பதற்காக எவரும் அன்பைச் சந்தேகிப்பதில்லை. கிறித்தவ மிஷன்களே இந்நாட்டில் செவிலியத்தைப் பயிற்சியும் மரியாதையும் உள்ள தொழிலாக வளர்த்தன. நோயாளியின் உடலுக்குப் பயிற்சி வேண்டுமென்று உணர்ந்த திருச்சபை, குழந்தையின் மனத்துக்கு நல்லெண்ணம் போதுமென்று எங்கே முடிவுசெய்தது?

“இதெல்லாம் மேற்கத்தியச் சிந்தனை” என்பது நான்காவது. ஞாயிறுபள்ளி கிளாஸ்டரிலிருந்து வந்தது. சொல்லில்லாப் புத்தகம் இலண்டனிலிருந்து வந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளி நியூயார்க்கிலிருந்து வந்தது. ஆண்டுதோறும் கோடைக்கு வரும் கருப்பொருளும் பாட்டும் செய்கையும் பல இடங்களில் கப்பலேறி வந்தவையே. இத்தனையும் உள்ளே வரும்போது திறந்திருந்த சுங்கச்சாவடி, பயிற்சி என்ற பெட்டி வந்தவுடன் மட்டும் அடைபடுகிறது. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாற்றுக்கு வந்து இந்திய ஆசிரியர்களைப் பயிற்றியவர்; குழந்தையின் சமய வாழ்வைப் பற்றி நூலெழுதிய கத்தோலிக்கர். அவருடைய வழியை அடியொற்றி 1954-இல் உரோமையில் சோபியா கவாலெத்தி தொடங்கிய மறைக்கல்வி முறை பல நாடுகளுக்குப் பரவியது. மாண்டிசோரி பயிற்சியளித்த நாட்டில் ஞாயிறு வகுப்பு மட்டும் ஏன் இன்னும் வரிசையில் உட்கார்ந்து ஒப்பிக்கிறது?

7. கேட்க வேண்டியவை

பயிற்சி என்ற பெயரில் இன்று நடப்பதன் பெரும்பகுதி கோடைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் முகாம்: பாட்டு, செய்கை, பொம்மலாட்டம், பலூன், சீருடைச் சட்டை. அவை தேவையற்றவையென்று யாரும் சொல்லவில்லை, அவை கருவிகள். சில இறையியல் நிறுவனங்களில் குழந்தை வளர்ச்சி குறித்த பட்டயங்களும் முதுகலைப் படிப்புகளும் உண்டு. அவை பெரும்பாலும் ஆங்கிலவழியில் நடப்பவை. அவற்றை முடித்தவர்கள் தொண்டு நிறுவனங்களுக்குப் போகிறார்கள். சபையின் ஞாயிறு வகுப்புக்கு வந்துசேர்பவர் அரிது.

தேவைப்படுவது, வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் ஒருவர் ஓராண்டில் பகுதிநேரமாக முடிக்கக்கூடிய, அவரவர் மொழியில் நடக்கும், சபைப்பிரிவுகள் அனைத்தும் ஏற்கும் ஒரு பட்டயம். அதில் ஐந்து பகுதிகள் இருக்க வேண்டும்: குழந்தையின் மொழி வளர்ச்சியும் மனவளர்ச்சியும், குழந்தைப் பாதுகாப்பும் சட்டமும், குடும்பம், சாதி, பாலினம், வறுமை குறித்த சமூகப் பாடம், விவிலியக் கதைகளைக் கையாளும் முறை, மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி. சான்றிதழ் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். பெரிய சபைகளில் ஊதியத்தோடு ஒரு முழுநேரப் பணியிடம். சிறிய சபைகளுக்கு ஒரு வட்டாரத்துக்கு ஒருவர். பட்டயம் பெறாதவர் பயிற்சி பெற்றவரின் உடனிருப்பில் உதவலாம். தனியே வகுப்பை ஏற்கக்கூடாது.

செராம்பூர்க் கல்லூரி 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இறையியல் பட்டங்களை வடிவமைக்கும் அனுபவமுள்ள ஒரு மரபுக்கு, இந்திய மொழிகளில் ஒரு பட்டயத்தை வடிவமைப்பது கடினமான வேலையாக இராது. தேவை மனம்.

ஆய்வு மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. சிறுவர் பாடநூல்களின் மொழியை ஆராய்ந்த ஆய்வேடுகளைத் தேடினால் விரல்விட்டு எண்ணலாம்; பெரிய இறையியலாளர்களைப் பற்றிய ஆய்வேடுகளோ அலமாரி கொள்ளாது. குழந்தைக்கான இறையியல் சிறிய இறையியல் என்ற எண்ணமே இந்த விகிதத்தில் வெளிப்படுகிறது. இயேசு ஒரு குழந்தையை எடுத்து நடுவில் நிறுத்தியதை ஆண்டுக்கு ஒருமுறை சிறுவர் ஞாயிறன்று எல்லாச் சபைகளும் வாசிக்கின்றன. வாசித்து முடித்ததும் குழந்தைகளைப் பின்கட்டு அறைக்கு அனுப்பிவிட்டு, பெரியவர்களுக்கான பிரசங்கம் தொடங்குகிறது.

அடுத்த சபைப் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு பெற்றோரும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கட்டும்: எங்கள் பிள்ளைகளோடு இருப்பவர்கள் என்ன பயின்றிருக்கிறார்கள்? அவர்களுக்காகச் சபை சென்ற ஆண்டு எவ்வளவு செலவிட்டது? ஒரு குழந்தை அழுதுகொண்டு வந்து ஒன்றைச் சொன்னால், அடுத்த ஒரு மணிநேரத்தில் யார் என்ன செய்யவேண்டும் என்று எங்கே எழுதிவைத்திருக்கிறீர்கள்? பதில் கிடைக்காத சபையில் அந்த மௌனம் கூட்டக்குறிப்பில் பதிவாகட்டும்.